பள்ளத்தாக்கிற்கு வழக்காடிய ஜான் மியூர்

பிறர் நலம் நாடிப் போராடிய பெருமக்கள் பலரை உலக வரலாறு நமக்குக் காட்டுகின்றது. நாட்டின் விடுதலைக்காகப் போராடினோர் உண்டு. அடிமைகளின் விலங்கை அறுக்கப் போராடினோர் உண்டு. உழைப்போர் உரிமைக்காகப் போராடினோரும் உண்டு. ஆனால், வாய் திறந்து முறையிட இயலாத மலைக்கும் மரத்திற்கும் ஆற்றிற்கும் புல்வெளிக்குமாக ஒரு பெருநாட்டின் சட்டமன்றத்தை எதிர்த்து வழக்காடியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ஜான் மியூர் என்பவர் ஆவர்.

பிறப்பும் இளமையும்

ஜான் மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 21-ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டில் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் டேனியல். தாயார் பெயர் ஆன். தந்தையார் சமயப் பற்று மிக்கவர். கண்டிப்பிற்குப் பேர் போனவர். விவிலிய நூலை நாள்தோறும் மனப்பாடம் செய்து ஒப்பித்தல் வேண்டும் என்பது அவர் மகனுக்கு இட்ட கட்டளை. தவறினால் அடி விழும். பதினோராம் அகவை நிரம்புவதற்குள் புதிய ஏற்பாடு முழுவதும் ஜானுக்கு நெட்டுரு ஆயிற்று. பிற்காலத்தில் இவர் உரைநடையில் காணப்பெற்ற ஓசையும் உறுதியும் இப்பயிற்சியின் பயன் என்று கூறுவர்.

1849-ஆம் ஆண்டில் இவர்தம் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. ஆங்கு நிலம் இருந்தது. ஆனால், அது காடு மண்டிக் கிடந்தது. மரம் வெட்டுதல், வேர் பறித்தல், ஏர் பிடித்தல் ஆகிய கடும்பணிகள் யாவும் சிறுவர் ஜானின் தோள்மீது விழுந்தன. ஒருமுறை வறண்ட மேட்டு நிலத்தில் கிணறு தோண்ட நேர்ந்தது. தந்தையார் மகனை வாளியில் இருத்திக் காலையில் கிணற்றினுள் இறக்குவார். நண்பகலில் மேலே தூக்குவார். உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைத் தனியாகப் பொளிப்பது மகனுடைய வேலை. ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் ஒரு நாள் நச்சுக்காற்றுத் தேங்கி நின்றது. ஜான் மூச்சுத் திணறி, மயங்கிச் சாய்ந்தார். நற்பேறாக உரிய வேளையில் வெளியே தூக்கப் பெற்று உயிர் பிழைத்தார். ஓரிரு நாள் ஓய்விற்குப்பின் மீண்டும் அதே கிணற்றினுள் இறங்கினார். 90 அடியில் நீர் கண்டது. எடுத்த செயலை நடுவில் கைவிடாத இயல்பு அந்நாளிலேயே இவரிடம் வேரூன்றியிருந்தது.

பகல் முழுதும் உழைத்தவர்க்குப் படிக்க நேரம் ஏது? விடியற்காலையில் எவ்வளவு முன்னதாக வேண்டுமாயினும் எழுந்து படித்துக்கொள்ளலாம் என்று தந்தையார் இசைவளித்தார். அன்றுமுதல் ஜான் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே எழுந்தார். குளிர் மிக்க நிலவறையில் அமர்ந்து நூல்களைப் பயின்றார். மரத்தைச் செதுக்கிக் கடிகாரங்கள் செய்தார். குறித்த நேரத்தில் படுக்கையைச் சாய்த்து, உறங்குவோனை எழுப்பிவிடும் பொறி ஒன்றையும் அமைத்தார். 1860-ஆம் ஆண்டு மாடிசன் நகரில் நடந்த பொருட்காட்சியில் அப்பொறிகளைக் கண்டோர் வியந்து பாராட்டினர். பின்னர் இவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்றார். ஒரு நாள் உடன்பயிலும் மாணவர் ஒருவர், ஓங்கி வளர்ந்த மரமொன்றின் பூவைக் காட்டி, அதுவும் பட்டாணிக் கொடியின் பூவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று விளக்கினார். உருவில் வேறுபட்டன உறவில் ஒன்றாய் இருத்தலைக் கண்ட ஜானின் உள்ளம் அன்றே செடிகொடிகளின்பால் ஈடுபட்டது.

இருளும் ஒளியும்

1867-ஆம் ஆண்டு மியூர் இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். இயந்திர வாரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கையிலிருந்த அரம் நழுவி வலக்கண்ணைக் குத்திற்று. சிறிது நேரத்தில் இடக்கண்ணும் ஒளி மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் படுத்துக் கிடந்தார். இனிப் பூவையும் புல்லையும் காணவே இயலாதோ என்னும் ஏக்கம் அவரை வாட்டியது. பின்னர் மெல்ல மெல்லப் பார்வை திரும்பிற்று. மீண்டும் பெற்ற கண்களை மனிதர் செய்த பொறிகளுக்கன்றி, இயற்கையின் படைப்புகளுக்கே உரியனவாக்குவது என்று மியூர் உறுதி பூண்டார்.

அவ்வாண்டே கென்டகி மாநிலத்திலிருந்து புளோரிடாவின் கடற்கரை வரை ஏறத்தாழ 1,000 மைல் தொலைவை நடந்தே கடந்தார். மறு ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தை அடைந்து, சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கண்டார். செங்குத்தான கருங்கல் மலைகளும், வானினின்று வீழ்வன போன்ற அருவிகளும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் செக்கோயா மரங்களும் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. 1869-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் ஆட்டு மந்தையுடன் மலைமீது சென்றார். ஆடுகள் மேய்ந்து சென்ற இடமெல்லாம் பூவும் புல்லும் அழிந்து, வெறுமண்ணாய்க் கிடக்கக் கண்டு வருந்தினார்.

நிலம் உள்வாங்கியதால் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குத் தோன்றியது என்பது அக்காலப் புவியியல் அறிஞர் சிலரது கொள்கை. மியூர் அதனை ஏற்கவில்லை. ரொட்டியும் தேயிலையும் கொண்ட சிறு பையுடன் மலைமுகடுகளில் தனியே திரிந்து, பாறைகளின்மீது காணப்பட்ட கீறல்களை ஆராய்ந்தார். பண்டைக் காலத்துப் பனியாறுகளே பாறையை அறுத்து அப்பள்ளத்தாக்கைச் செதுக்கின என்று எழுதினார். பனியாறுகளின் பங்கு பெரிது என்னும் அவர் கருத்தைப் பிற்கால ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது.

சட்டம் தந்த காவல்

1880-ஆம் ஆண்டு மியூர் லூயி ஸ்ட்ரென்ட்செல் என்னும் நங்கையை மணந்து, மார்ட்டினஸ் என்னும் ஊரில் பழத்தோட்டம் நடத்தினார். இரு பெண்மக்கள் பிறந்தனர். தோட்டம் செழித்தது, செல்வமும் சேர்ந்தது. ஆனால், மலையைப் பிரிந்த மியூரின் உடல் நலிந்தது. தோட்டத்தினும் அவர்தம் எழுத்தே உயர்ந்தது என உணர்ந்த துணைவியார், மலைக்கு மீளுமாறு அவரை ஊக்கினார்.

1889-ஆம் ஆண்டு செஞ்சுரி என்னும் திங்களிதழின் ஆசிரியருள் ஒருவரான இராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் என்பவருடன் மியூர் மலைப்புல்வெளியில் தங்கினார். மரம் வெட்டுவோராலும் மந்தை மேய்ப்போராலும் அவ்விடம் அழிந்து வருவதை இருவரும் கண்டு, அதனைக் காக்கச் சட்டம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தனர். மியூரின் கட்டுரைகள் 1890-ஆம் ஆண்டில் அவ்விதழில் வெளிவந்து, நாட்டு மக்களின் உள்ளத்தைத் தொட்டன. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்று யோசெமிட்டி தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1892-ஆம் ஆண்டு மலைகளைப் போற்றுவோர் ஒன்றுகூடிச் சியரா சங்கத்தைத் தோற்றுவித்தனர். மியூர் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றுத் தம் இறுதிநாள் வரை அப்பொறுப்பை வகித்தார். 1903-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மியூருடன் யோசெமிட்டிக் காட்டில் மூன்று இரவுகள் தங்கி, மரத்தடியிலும் பனியிலும் உறங்கி மகிழ்ந்தார்.

ஒரு நல்ல சட்டம் நிறைவேறியதும் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். சட்டத்தால் காக்கப்பெற்றதைப் பிறிதொரு சட்டத்தால் அழிக்கவும் இயலும் என்பதை மியூர் தம் முதுமையில் கண்டறிந்தார்.

நகரின் வேட்கை

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்கு வடக்கே, அதே பூங்காவின் எல்லைக்குள் ஹெட்ச் ஹெட்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. டுவாலமி ஆறு அதன் நடுவே வளைந்து ஓடியது. இருபுறமும் மலைச்சுவர்கள் எழுந்து நின்றன. அருவிகள் ஆர்ப்பரித்து வீழ்ந்தன. அடியில் பூக்கள் நிறைந்த புல்வெளியும் ஓக் மரத் தோப்புகளும் பரந்து கிடந்தன. பாறையே மிகுந்த அம்மலைத்தொடரில் ஆழ்ந்த மண்ணும் ஈரமும் உள்ள சமநிலம் கிடைத்தற்கரியது. அதனை நம்பியே புல்லும் மரமும் புள்ளும் விலங்கும் வாழ்ந்தன. அந்நிலம் நீரில் மூழ்குமாயின் அவ்வுயிர்கள் மேலேறிச் சென்று வாழ வேறிடம் இல்லை.

மேற்கே கடற்கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரம் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. அந்நகரத்தார் தனியார் குழுமம் ஒன்றின் நீரையே நம்பி வாழ்ந்தனர். தமக்கென நீர்நிலை வேண்டும் என்று அவர்கள் விரும்பியது இயல்பே. 1901-ஆம் ஆண்டில் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று, தேசியப் பூங்காக்களின் ஊடே நீர்வழிகள் அமைக்க இசைவு தரும் அதிகாரத்தை உள்நாட்டு இலாகா அமைச்சருக்கு அளித்தது. அதனைப் பற்றிக்கொண்டு நகரத் தலைவர் ஜேம்ஸ் பீலன் ஹெட்ச் ஹெட்சியில் அணை கட்ட இசைவு வேண்டினார். அமைச்சர் ஹிட்ச்காக் அவ்வேண்டுகோளை மறுத்துவிட்டார்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோவை உலுக்கியது. தொடர்ந்து எழுந்த தீ நகரின் பெரும்பகுதியை எரித்துச் சாம்பலாக்கிற்று. தீயை அணைக்க நீர் கிடைக்கவில்லை. நீர்த்தேக்கங்கள் வறண்டமையால் அன்று, நிலம் அதிர்ந்து குழாய்கள் முறிந்தமையாலேயே அந்நிலை நேர்ந்தது. ஆயினும், துயருற்ற நகருக்கு நீர் வேண்டும் என்னும் குரல் நாடெங்கும் இரக்கத்தைத் தூண்டியது. 1908-ஆம் ஆண்டில் புதிய அமைச்சர் கார்பீல்டு நகரத்தின் வேண்டுகோளுக்கு இசைந்தார்.

முதியவரின் போராட்டம்

அப்போது மியூர் எழுபது வயது முதியவர்; மனைவியை இழந்து தனிமையில் வாழ்ந்தவர். ஓய்ந்திருக்க வேண்டிய அப்பருவத்தில் எழுதுகோலைப் படைக்கலமாகக் கொண்டு களத்தில் இறங்கினார். நகர மக்கள் நீரின்றி வாட வேண்டும் என்று அவர் கூறவில்லை. அவர் எடுத்துரைத்த காரணங்கள் மூன்று. நகருக்கு வேண்டிய நீரைப் பூங்காவிற்கு வெளியே உள்ள வேறு ஆறுகளிலிருந்தும் கொணரலாம் என்பது ஒன்று. தேசியப் பூங்கா நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாதலின், அதன் ஒரு பகுதியை ஒரு நகரின் உடைமையாக்குதல் முறையன்று என்பது மற்றொன்று. ஒரு பூங்காவைக் காக்கும் சட்டம் ஒருமுறை வளைக்கப்பட்டால் பிற பூங்காக்களும் பிழைக்கமாட்டா என்பது மூன்றாவது.

எதிர்த்தரப்பில் நின்றவர்களும் எளியர் அல்லர். காட்டிலாகாவின் தலைவராக விளங்கிய கிப்போர்டு பின்சோ, காடுகளைக் காப்பதில் பேரார்வம் உடையவர். மியூருக்கு ஒருகாலத்தில் நண்பர். ஆயினும், இயற்கைவளம் மிகுதியான மக்களுக்குப் பயன்படுதலே சிறப்பு என்னும் கொள்கையால் அவர் அணையை ஆதரித்தார். சியரா சங்கத்தினுள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்தது. சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான வாரன் ஓல்னி நகரத்தின் பக்கம் நின்றார். 1910-ஆம் ஆண்டில் சங்கத்தினர் வாக்களித்தபோது, பள்ளத்தாக்கைக் காக்க வேண்டும் என்று 589 பேரும், அணை கட்டலாம் என்று 161 பேரும் கூறினர். நண்பர் பிரிந்தனர், மியூர் தளரவில்லை.

அவர் துண்டறிக்கைகள் வெளியிட்டார்; இதழ்களில் எழுதினார்; அரசியலார்க்கு முடங்கல்கள் விடுத்தார். 1909-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் டாப்ட் யோசெமிட்டிக்கு வந்தபோது, உடன் சென்று தம் வழக்கை விளக்கினார். அதன்பின் அரசாங்கம், அப்பள்ளத்தாக்கு இன்றியமையாதது என்பதைக் காட்டுமாறு நகரத்தாரைப் பணித்தது. 1912-ஆம் ஆண்டில் மியூர் வெளியிட்ட யோசெமிட்டி என்னும் நூலின் இறுதிப்பகுதி ஹெட்ச் ஹெட்சியின் வழக்கையே எடுத்துரைத்தது. நாடெங்கும் இருந்த மாதர் சங்கங்களும் நாளிதழ்கள் பலவும் அவருக்குத் துணை நின்றன. ஆயிரக்கணக்கான மக்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினர். காணாத பள்ளத்தாக்கு ஒன்றிற்காக ஒரு நாட்டு மக்கள் இவ்வாறு கிளர்ந்தெழுந்தது அதுவரை நிகழாத புதுமையாகும்.

ரேக்கர் சட்டம்

1913-ஆம் ஆண்டில் நிலை மாறிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரின் வழக்கறிஞராக முன்பு பணியாற்றிய பிராங்க்ளின் லேன் உள்நாட்டு இலாகா அமைச்சரானார். நகருக்கு நீர் தரத்தக்க இடங்கள் வேறும் உண்டு என்றும், ஹெட்ச் ஹெட்சியில் செலவு குறைவு என்றும் படைத்துறைப் பொறியியலார் குழு அறிக்கை தந்தது. கலிபோர்னியா உறுப்பினர் ஜான் ரேக்கர், பள்ளத்தாக்கை நகருக்கு உரிமையாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்.

செப்டம்பர் திங்களில் பிரதிநிதிகள் சபை அம்மசோதாவை 183 வாக்குகளுக்கு 43 என்ற அளவில் ஏற்றது. டிசம்பர் 6-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிய வேளையில் செனட் சபையும் 43 வாக்குகளுக்கு 25 என்ற அளவில் அதனை நிறைவேற்றியது. டிசம்பர் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் அதில் ஒப்பமிட்டார். மசோதா சட்டமாயிற்று, மியூரின் வழக்குத் தோற்றது.

தோல்வி அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. ஆயினும், நல்லதொரு கிளர்ச்சி மக்களின் மனச்சான்றை எழுப்பியிருப்பதால், அதிலிருந்து நன்மை விளைந்தே தீரும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையோடு அலாஸ்காப் பயணங்களைப் பற்றிய நூலை எழுதத் தொடங்கினார். நூல் முற்றுப்பெறும் முன்னரே 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உயிர் நீத்தார்.

தோல்வியில் விளைந்த பயன்

1923-ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பெற்றது. பள்ளத்தாக்கின் மரங்கள் வெட்டப்பட்டன. புல்வெளிமீது நீர் நின்றது. 1934-ஆம் ஆண்டில் அந்நீர் சான் பிரான்சிஸ்கோவை எட்டியது. நகரின் பெயரால் கொணர்ந்த நீர் நகரின் எல்லையோடு நிற்கவில்லை. அந்நகர அமைப்பு வழங்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, வளைகுடாவைச் சூழ்ந்து பரந்த புறநகர்களுக்கே இன்று செல்கின்றது. சுமார் 27 இலட்சம் மக்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். அணை பயன்படவில்லை என்று எவரும் கூற இயலாது; அதற்கு ஈடாகக் கொடுத்த பள்ளத்தாக்கை மீட்டுத் தரவும் எவராலும் இயலவில்லை.

எனினும், மியூரின் நம்பிக்கை வீண் போகவில்லை. ஹெட்ச் ஹெட்சியின் இழப்பு நாட்டை விழிக்கச் செய்தது. பூங்காக்களைக் காக்கத் தனித்துறை வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, 1916-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காத் துறையை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் டைனோசார் தேசியச் சின்னம் என்னும் காப்பிடத்தினுள், எக்கோ பார்க்கு என்னுமிடத்தில் அணை கட்ட முயன்றபோது, சியரா சங்கத்தாரும் பிறரும் ஹெட்ச் ஹெட்சியை நினைவூட்டிப் போராடினர். 1956-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் அவ்வணையைக் கைவிட்டது. தோற்ற வழக்கு மற்றொரு பள்ளத்தாக்கைக் காத்தது.

மியூரிடமும் குறை இல்லாமல் இல்லை. அம்மலைகளில் வழிவழியாக வாழ்ந்த பழங்குடி மக்களைக் குறித்து அவர் தம் இளமையில் எழுதிய சில கருத்துகள் இழிவானவை. அப்புல்வெளிகளைப் பேணி வந்ததில் அம்மக்களுக்கு இருந்த பங்கையும் அவர் நன்கு உணரவில்லை. பெரியோரின் குறையை மறையாது அறிந்து, அவர்தம் நிறையைப் போற்றுதலே வரலாறு கற்பதன் பயனாகும்.

நகரம் வளர்தல் வேண்டும். மக்களுக்கு நீரும் வீடும் வேண்டும். ஆனால், அவ்வளர்ச்சிக்குச் சட்டம் இயற்றுவோர், இழந்தால் மீளாதது எது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணாது இயற்ற முற்படும்போது எடுத்துரைத்தல் குடிமக்களின் கடமை. வெற்றி உறுதி என்று அறிந்து போராடுதல் எளிது. தோல்வி நெருங்கி வருவதைக் கண்டும், அறம் தம் பக்கம் உள்ளது என்னும் துணிவோடு இறுதிவரை நின்றவர் ஜான் மியூர். பள்ளத்தாக்கு நீரில் மூழ்கிற்று. அவர் எழுப்பிய குரல் மூழ்கவில்லை.